சர்க்கஸ் மெஸ்ஸில் அடுப்பு எரியும் நேரம்

ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ்காரர்கள் எங்கே தங்குகிறார்கள், அவர்களுக்கு யார் சமைக்கிறார்கள், ஷோவுக்கு முன்னால் சாப்பிடுவார்களா, விருந்தாளி யாராவது அங்கே சாப்பிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். 1986 முதல் 1989 வரை ஒரு சர்க்கஸ் கம்பெனியின் மெஸ்ஸில் நான் கணக்கு எழுதினேன். சுமார் 200 பேர் சாப்பிட்ட மெஸ் அது. அரிசி மூட்டையை எண்ணுவதிலிருந்து ராத்திரி கடைசித் தட்டு கழுவும் வரை அங்கேயே இருந்தவன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எங்கே தங்குவார்கள் என்பது. மைதானத்தில் பெரிய கூடாரத்தை மட்டும்தான் ஊர் பார்க்கும். ரிங்குக்குள் கலைஞர்கள் வரும் திரைக்குப் பின்னால் இன்னொரு சிறிய ஊரே இருக்கும். தகரம் அடைத்த வேலிக்குள் பெண்கள் கூடாரம், குடும்பமாக இருப்பவர்களுக்குக் குடும்பத்துக்கொரு சிறு கூடாரம், தனி ஆண்களுக்கு நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று, கூடாரம் கட்டும் தொழிலாளிகளுக்கு வேறொரு வரிசை. தரையில் வைக்கோலோ தார்ப்பாயோ விரித்து, அதன்மேல் கட்டில். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. ஒருவருடைய மொத்த வீடும் அந்தப் பெட்டிக்குள் அடங்கும். நேபாளத்துப் பெண் ஒருவர், பெட்டியின் மூடிக்கு உட்புறம் அம்மாவின் படத்தை ஒட்டி வைத்திருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியைத் திறந்த பிறகுதான் வீடு வந்து சேர்ந்ததுபோல இருக்கும் என்பார்.

மெஸ் எப்போதும் மைதானத்தின் ஒரு மூலையில், பெரிய கூடாரத்திலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. காரணம் நெருப்பு. 1981 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் எரிந்து 90 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி குழந்தைகள். நான் சேர்ந்தபோது அந்தச் செய்தி எல்லார் மனதிலும் சுடச்சுட இருந்தது. புது மைதானத்துக்கு வந்ததும் எங்கள் தலைமைச் சமையல்காரர் கையில் மண்ணை எடுத்து மேலிருந்து உதிர்த்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் அடுப்புக்கு இடம் காட்டுவார். அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பண்டாரி, அதாவது சமையல்காரர். கேரளத்தின் தலசேரிப் பக்கத்துக்காரர்.

அவர் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் சர்க்கஸில் பழைய ஆட்கள் பலரும் தலசேரி, கண்ணூர்ப் பக்கம்தான். இதற்குக் காரணம் உண்டு. இந்தியர் நடத்திய முதல் பெரிய சர்க்கஸை விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியர் 1880இல் பம்பாயில் தொடங்கினார். அவர் தலசேரிக்கு வந்தபோது கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற களரி ஆசானைச் சந்தித்தார். அந்த ஆசான் தன் மாணவர்களுக்கு சர்க்கஸ் வித்தைகளைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கி, 1901இல் தலசேரியை அடுத்த சிறக்கரையில் அதற்கென்றே ஒரு பள்ளி வைத்தார். அங்கிருந்து கிளம்பியவர்களும், அவர்களிடம் படித்தவர்களும்தான் நாடு முழுக்கக் கம்பெனிகளை நிரப்பினார்கள். ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய சங்கரனும் அந்தப் பரம்பரைதான். 1951 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தின் பிலிமோராவில் அதன் முதல் ஷோ நடந்தது. ஆக, கம்பெனி பஞ்சாபில் முகாம் போட்டிருந்தாலும் காலையில் மெஸ்ஸில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். விசாலமான நாட்டில் ஒரு சின்னக் கடற்கரை ஊரின் சாப்பாடு இப்படி ஊர் ஊராகப் போனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: ஷோவுக்கு முன்னால் சாப்பிடுவார்களா? சாப்பிடுவார்கள், ஆனால் உங்களையும் என்னையும்போல அல்ல. தினமும் 3 ஷோ: பகல் 1 மணி, 4 மணி, 7 மணி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஒரு ஷோ முடிந்து கேலரி காலியாகி, அடுத்த கூட்டம் உள்ளே வருவதற்கு அரை மணிதான் இடைவெளி. அந்த அரை மணியில் உடை மாற்ற வேண்டும், வியர்வை துடைக்க வேண்டும், கயிறும் கம்பியும் சரிபார்க்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது. நேரம் கிடைத்தாலும் வயிறு இடம் தராது.

மெஸ் கணக்கு மேசைக்கு மேலே இரண்டு காகிதம் ஒட்டியிருக்கும். ஒன்று அன்றைய அரிசி, பருப்பு, எண்ணெய் இருப்பு. இன்னொன்று ஷோவின் ஐட்டம் வரிசை. ரிங்கில் செய்யும் ஒவ்வொரு வித்தைக்கும் எங்கள் பேச்சில் ஐட்டம் என்றுதான் பெயர். சமையலறையில் ஐட்டம் வரிசை எதற்கு என்று முதல் நாள் நான் கேட்டேன். பண்டாரி பதில் சொல்லவில்லை. 11 மணிக்குச் சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் பார்த்துக்கொள் என்றார். பார்த்தேன். உடம்பை வில்லாக வளைக்கும் பெண்கள் ஷோ தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ரிங்கில் இருக்க வேண்டும். அவர்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு திடமாக எதுவும் கிடையாது. வயிற்றில் சோறு கிடந்தால் பின்பக்கம் வளைந்து தலையைக் கால்களுக்கு நடுவே கொண்டுவரும்போது எல்லாம் தொண்டைக்கு வந்துவிடும். உயரத்தில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவும் பறக்கும் ட்ரபீஸ் கடைசி ஐட்டம். அதில் பறப்பவர்கள் முதல் ஷோவில் மேலே ஏறவே 3 மணி தாண்டும். அதனால் அவர்கள் 11 மணிக்கே அளவாகச் சாப்பிடலாம். ஆள்மேல் ஆள் நிற்கும் கோபுரத்தில் அடியில் நிற்பவருக்கு வயிறு கொஞ்சம் நிறைந்திருந்தால்தான் கால் ஊன்றும் என்பது பண்டாரியின் நம்பிக்கை. அடியில் நிற்பவருக்கு மட்டும் கூடவே ஒரு கரண்டி விழும்.

பாவப்பட்டவர்கள் ஜோக்கர்கள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நடுவில் கம்பி மாற்றும் நேரத்தில் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பது அவர்கள் வேலை. ஷோ முழுக்க அவர்கள் திரையைவிட்டு இருபது அடி தள்ளிப் போக முடியாது. டீயும் பன்னும் திரைக்குப் பின்னாலேயே போகும். முகத்தில் பூசிய வெள்ளைச் சாயம் உதட்டில் இருப்பதால் பன்னைப் பிய்த்து, வாயை அகலத் திறந்து, உதட்டில் படாமல் உள்ளே போட்டுக்கொள்வார்கள். 30 வருடம் அப்படியே சாப்பிட்ட ஒருவர், லீவில் சொந்த ஊருக்குப் போய் வீட்டிலும் அப்படியே பிய்த்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்து அவருடைய மகள் அழுதாளாம். அவரே என்னிடம் சொன்னது.

ட்ரபீஸில் இருவகை ஆட்கள். பறப்பவர் ஒரு வகை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவரைப் பிடிப்பவர் இன்னொரு வகை. பிடிப்பவருக்குத் தராசு தேவையில்லை. எதிரிலிருந்து பறந்து வந்து மணிக்கட்டில் மாட்டும் உடம்பு நேற்றைவிட ஒரு கிலோ கூடியிருந்தாலும் அவர் தோள் சொல்லிவிடும். ஒருமுறை ஒரு வாரம் மழையால் ஷோ இல்லாமல் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எட்டாம் நாள் ஷோ முடிந்ததும் பிடிப்பவர் நேராக மெஸ்ஸுக்கு வந்து, பறக்கும் பையன் ஒருவனைக் காட்டி, 'இவனுக்கு நாலு நாள் சப்பாத்தி எண்ணிப் போடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் கோபமில்லை. பையனும் சரி என்று தலையாட்டினான். இரண்டு பேர் உயிரும் அந்த எடையில்தான் இருக்கிறது.

ஆனால் பெண்கள் விஷயத்தில் நான் பார்த்தது வேறு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள் தாங்களாகவே சோற்றைத் தள்ளி வைப்பார்கள். எடை கூடினால் ஐட்டம் போய்விடும், ஐட்டம் போனால் சம்பளம் குறையும் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். வளரும் வயதில் அந்தத் தட்டுகள் பாதி மிச்சமாகத் திரும்பி வந்ததை எண்ணி எழுதியவன் நான். அது சரியில்லை என்று அப்போதே தெரிந்தது. எழுதினேனே தவிர, வாய் திறந்து சொல்லவில்லை. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குழந்தைகளை சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்ய உத்தரவிட்டபோது, தொழில் அழிந்துவிடும் என்று பழைய நண்பர்கள் சிலர் வருந்தினார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தட்டுகள்தான்.

மற்றபடி சாப்பாடு என்ன? விடியற்காலை 5.30க்குக் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத டீ. 6 மணியிலிருந்து 9 மணிவரை வெறும் வயிற்றோடு பயிற்சி. அதன்பின் கஞ்சி, அல்லது பூரி, உப்புமா. 11 மணிக்குச் சோறு, பருப்பு, ஒரு கறி. ஷோக்களுக்கு நடுவில் டீயும் பன்னும். கடைசி ஷோ முடிந்து 10 மணிக்குத்தான் உண்மையான சாப்பாடு. ஊரே தூங்கப் போகும் நேரத்தில் எங்கள் மெஸ்ஸில் வாழ்க்கை தொடங்கும். சாயம் கழுவிய முகத்தோடு, ஈரத் தலையோடு வந்து உட்காருவார்கள். அந்த நேரத்தில் யாரும் யாரையும் அவசரப்படுத்த மாட்டார்கள். மீனோ கறியோ வாங்கிய நாளில் அதை ராத்திரிக்குத்தான் பண்டாரி எடுத்து வைப்பார். பகலில் போட்டால் சாப்பிட முடியாதவர்களுக்கு மணம் மட்டும்தான் மிஞ்சும், அது பாவம் என்பார்.

ஒரே குண்டானில் எல்லாருக்கும் பிடித்ததைச் சமைக்க முடியாது. மலையாளிக்குப் புழுங்கல் அரிசி, நேபாளிக்குக் கெட்டியாகப் பருப்பு, வங்காளிக்குக் கடுகெண்ணெயில் மீன். மெஸ் எல்லாருக்கும் பொதுவான ஒரு சாப்பாட்டைப் போடும். மீதியைக் கூடாரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து அவரவர் பார்த்துக்கொள்வார்கள். நேபாளப் பெண்கள் கீரையைப் புளிக்க வைத்து, கூடாரக் கயிற்றோரம் வெயிலில் காயப் போட்டு குந்த்ருக் செய்வார்கள். அதன் புளிப்பு மணம் எட்டுக் கூடாரத்துக்கு அந்தப் பக்கமும் வரும். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்ட மலையாளச் சேச்சிகள், இரண்டாம் வருடம் கிண்ணத்தோடு போய் வாங்கி வருவார்கள். குடும்பமாக இருப்பவர்கள் சிலர் மெஸ்ஸில் சாப்பிடாமல், தங்கள் பங்கு அரிசியையும் பருப்பையும் பச்சையாக வாங்கிக்கொண்டு தாங்களே சமைத்துக்கொள்வார்கள். சாப்பாடு சம்பளத்தின் ஒரு பகுதி. அதனால் அது அவர்கள் உரிமை.

சாமான் வாங்குவதுதான் என் வேலையில் கடினமான பகுதி. எங்களிடம் ரேஷன் கார்டு இல்லை. மாதத்துக்கு ஒரு ஊரில் இருப்பவனுக்கு எந்தக் கடையில் சர்க்கரை? எல்லாம் வெளிச்சந்தை விலைதான். மண்ணெண்ணெய் இன்னும் மோசம். ஆனால் எங்களிடம் வேறொரு நாணயம் இருந்தது: ஷோவுக்கு இலவசப் பாஸ். புது ஊரில் மளிகைக்கடைக்காரர் கடன் தரத் தயங்கினால், அவர் வீட்டில் எத்தனை பேர் என்று முதலில் கேட்பேன். ஆறு பேருக்குக் குடும்பத்தோடு முன்வரிசைப் பாஸ் கொடுத்துவிட்டால், மறுநாள் காலையில் அவரே கடைப் பையனிடம் காய்கறி மூட்டையை அனுப்பி வைப்பார். தண்ணீர் லாரிக்காரர், விறகுக் கடைக்காரர் எல்லாரும் அப்படித்தான். எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய் மைதானம், லைசென்ஸ், மின்சாரம், தீவனம் எல்லாம் பேசி முடிக்கும் ஆள் ஒருவர் உண்டு. எந்தக் கடைக்காரர் சொன்ன எடையைச் சரியாகப் போடுவார் என்று ஒரு தாளில் எழுதி எனக்கு விட்டுப் போவார். சென்னைத் தீவுத்திடலில் முகாம் என்றால் கவலையே இல்லை. வசூலும் இருக்கும், அப்போது மொத்தக் காய்கறிச் சந்தையாக இருந்த கொத்தவால் சாவடியும் பக்கம்.

மழைதான் எதிரி. நாலு நாள் விடாமல் பெய்தால் கூட்டம் வராது. கூட்டம் வராவிட்டால் பணம் வராது. ஆனால் 200 வயிறும் யானைகளும் அப்படியே இருக்கும். பருப்பில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தே வசூல் நிலவரத்தைச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட நாட்களிலும் பண்டாரி ஒன்றை மட்டும் குறைக்கமாட்டார்: தொழிலாளிகளின் சோறு. மழையில் நனைந்து கனத்துப்போன கூடாரத் துணியை இழுத்துக் கட்டுவதும், இளகிய மண்ணில் பிடுங்கிக்கொள்ளும் முளைகளை நடுராத்திரியில் சம்மட்டியால் மறுபடி அடித்து இறக்குவதும் அவர்கள்தான்.

மிருகங்களின் சாப்பாட்டையும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அது தனிக் கணக்கு, தனி ஆள். ஒரு யானைக்கு நாளுக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் பசுந்தீவனம் வேண்டும். சிங்கம், புலிக்கு மாட்டிறைச்சி. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. ஊர் மாறும்போது இறைச்சி கிடைக்காமல் கூண்டுக்காரர் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். 1998இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டத் தடை போட்டது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கலைஞர்களை ஒப்பந்தத்தில் கொண்டுவருவது கூடியது. இன்று ஒரு முகாமுக்குப் போனால் எத்தியோப்பியா, தான்சானியாவிலிருந்து வந்த இளைஞர்களைப் பார்க்கலாம். விறகடுப்பு போய் எரிவாயு வந்துவிட்டது. ஐட்டம் வரிசையைப் பார்த்துச் சாப்பாடு போடுவது மாறியிருக்க முடியாது. உடம்பு அதே உடம்புதானே.

முகாம் மாறும் ராத்திரியைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. கடைசி நாளின் கடைசி ஷோ நடந்துகொண்டிருக்கும்போதே, வேலை முடிந்த சாமான் எல்லாம் பின்பக்கமாக லாரிக்குப் போய்க்கொண்டிருக்கும். பார்வையாளர் கடைசி ஆள் வெளியேறும்போது கேலரிப் பலகைகள் கழன்றிருக்கும். மெஸ்ஸுக்கு இரண்டு செட் பாத்திரம் உண்டு. ஒரு செட்டோடும் இரண்டு சமையல்காரர்களோடும் ஒரு லாரி சாயங்காலமே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். மற்றது பழைய மைதானத்தில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் அடுப்பை அணைக்கும். வழிக்குச் சப்பாத்தியும் தண்ணியில்லாத உருளைக்கிழங்குக் கறியும் பொட்டலம். விடியும்போது புது மைதானத்தில் ஒரு கம்பம்கூட நட்டிருக்காது. ஆனால் கட்டன் சாயா கொதித்துக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்க லாரியில் உட்கார்ந்து வந்தவர்கள், எங்கே புகை தெரிகிறதோ அங்கே நடந்து வருவார்கள்.

இது எங்கள் பழக்கம் மட்டுமில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் ரயிலில் ஊர் ஊராகப் போன காலத்தில், முதல் ரயிலில் வந்து முதலில் எழுவது சமையல் கூடாரம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்று வேளை. சாப்பாடு தயார் என்றால் கூடாரத்தின்மேல் கொடி ஏறும். 1956 ஜூலை 16 அன்று பிட்ஸ்பர்க்கில் அவர்கள் கூடார ஷோவையே நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் கொடி இல்லை. பண்டாரி அண்டா மூடியைக் கரண்டியால் மூன்று தரம் தட்டுவார்.

பண்டிகை நாட்கள்? ஊருக்குத் தீபாவளி என்றால் எங்களுக்குக் கூட்டம். சிலநேரம் கூடுதலாக ஒரு ஷோவும் உண்டு. ஓணம், நேபாளிகளின் தசைன், ரம்ஜான், பொங்கல் எல்லாமே ராத்திரி 11 மணிக்குத்தான் எங்களுக்கு வரும். ஓணத்தன்று பண்டாரி எப்பாடுபட்டாவது வாழையிலை வாங்கச் சொல்வார். உத்தரப்பிரதேசத்தில் ஒருமுறை இலை கிடைக்கவில்லை. தாமரை இலையில் போட்டோம்.

கடைசியாக, விருந்தாளி மெஸ்ஸில் சாப்பிட முடியுமா என்ற கேள்வி. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. பெண்கள் தங்கும் இடம் பக்கத்தில் இருப்பதால் அது சரியும்கூட. ஆனால் ஒரு விலக்கு இருந்தது. கண்ணூரில் முகாம் போட்டால், ஓய்வுபெற்ற பழைய கலைஞர்கள் வருவார்கள். எழுபது வயது, எண்பது வயது. ஒரு காலத்தில் கம்பியில் நடந்தவர்கள், இப்போது ஊன்றுகோலோடு. அவர்கள் டிக்கெட் கவுண்டருக்குப் போவதில்லை. பின்பக்க வேலியில் நுழைந்து நேராக மெஸ்ஸுக்கு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். பண்டாரி ஒன்றும் கேட்காமல் தட்டு வைப்பார். அவர்கள் சாப்பிடுவதும் கொஞ்சம்தான், பழைய பழக்கம். முதல் தடவை நான் நோட்டை எடுத்து 'வெளியாள் 4' என்று எழுதப் போனேன். பண்டாரி என் கையைப் பிடித்து, 'இது எழுதண்டா' என்றார், எழுத வேண்டாம் என்று மலையாளத்தில். அதன்பின் கண்ணூர் முகாமின் கணக்கில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அரிசி குறைந்தது. ஏன் என்று முதலாளியும் கேட்டதில்லை.